நடிகர் திலகத்தின் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21 அன்று மறைந்தார். அதன் பிறகும் அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 1-இல் சுவரொட்டி ஒட்டுகிறவர்களும், அவருடைய பழைய படம் ஏதாவது ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடுகிறது என்றால் ஞாயிறு மாலைக் காட்சிக்குப் பூமாலையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் அப்படிப் போகிறவர்களில் நானும் ஒருவன். உறவினர்களும், உடன் வேலை பார்த்தவர்களும், தியேட்டர் வாசலில் எங்களை வேடிக்கை பார்க்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன ஒருவருக்கு ரசிகராக இருந்து என்னதான் செய்கிறீர்கள்?

படம் பார்க்கிறோம். வேறு எது செய்தாலும் அது இதற்குப் பிறகுதான். இப்போது நடித்துக்கொண்டிருக்கும் ஒரு நடிகரின் ரசிகனுக்கு அடுத்த படம் என்று ஒன்று இருக்கிறது. முதல் தோற்றம், பாடல் வெளியீடு, முதல் நாள் முதல் காட்சி என்று அவனுடைய ஆர்வத்தில் பாதி எதிர்பார்ப்பிலேயே செலவாகிவிடுகிறது. எங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. 280-க்கும் மேற்பட்ட படங்கள். இனி ஒன்று கூடப் போவதில்லை. ஆகவே பார்த்த படத்தையே மறுபடியும் பார்க்கிறோம். கதை என்ன ஆகும் என்ற பதற்றம் போன பிறகுதான் ஒரு நடிகர் என்ன செய்கிறார் என்பது கண்ணில் படத் தொடங்குகிறது என்பது என்னுடைய அனுபவம். வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும் சிவாஜியைப் பார்ப்பதற்கு ஒரு படத்தைக் குறைந்தது மூன்றாவது முறையாவது பார்க்க வேண்டும்.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் வந்த அந்தப் படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. முதல் முறை பார்க்கும்போது இசையும் பத்மினியின் நாட்டியமும் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அடுத்தடுத்த முறைகளில்தான் அந்தச் சகோதரர்களின் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே சிவாஜியின் கன்னம் இறங்குவதும், ஸ்வரம் ஏறும்போது கழுத்து நரம்பு புடைப்பதும், துளைகளின் மேல் விரல்கள் ஏறி இறங்கும் கணக்கும் தெரியவரும். காயத்திலிருந்து மீண்டு வந்த நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்தை, அதாவது சிவாஜியைப் பார்த்து, பத்மினி நடித்த மோகனா நலம் விசாரித்து ஆடும் இடத்தில் அவருக்கு வாயில் வார்த்தை இல்லை, குழல் இருக்கிறது. கேள்விக்கெல்லாம் கண்ணாலேயே பதில் சொல்லியாக வேண்டும், சபையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது தெரியவும் கூடாது. அதே நேரத்தில் வாசிப்பும் தவறக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே முகத்தில் பார்த்த பிறகு, அந்தப் பாட்டை நான் வானொலியில் கேட்டாலும் அவருடைய கண்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அவருடைய பெயரே சிவாஜி தானா?

இல்லை. அவர் விழுப்புரம் சின்னையா கணேசன், சுருக்கமாக வி.சி. கணேசன். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்த பெரியார், அவரைச் சிவாஜி கணேசன் என்று அழைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் நடிகர் திலகம் என்றோ, வெறுமனே அண்ணன் என்றோ சொல்வோம். 1995-இல் பிரெஞ்சு அரசு செவாலியே விருது கொடுத்த பிறகு அதுவும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் வாழ்ந்த அன்னை இல்லம் இருக்கும் தியாகராய நகர்ச் சாலைக்கும் இன்று அந்தப் பெயர்தான்.

அவர் செய்வது மிகை நடிப்பு இல்லையா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் ஒரு துண்டை மட்டும் செல்போனில் பார்த்தவர்களாக இருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அவர் சிறுவனாக இருக்கும்போதே, சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். அந்த நாடக மேடையில் நடிகனுக்கு ஒலிபெருக்கியின் துணை எப்போதும் கிடைத்ததில்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் முறியாமல் போய்ச் சேர வேண்டும், முகம் தெரியாத தூரத்துக்கு உடம்பு பேச வேண்டும். பெண் வேடம், ராஜபார்ட், நகைச்சுவை என்று எதைக் கொடுத்தாலும் செய்தாக வேண்டும். அந்தப் பயிற்சியோடு அவர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' மூலம் திரைக்கு வந்தார். கலைஞரின் நீண்ட நீதிமன்ற வசனத்தை எங்கே மூச்சு வாங்கி, எங்கே குரலைத் தாழ்த்தி, எங்கே ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்திச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனித்தால், கத்துவதற்கும் குரலை ஆள்வதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். அன்றைய தமிழ் ரசிகர்கள் நாடகத்திலிருந்தும் கூத்திலிருந்தும் சினிமாவுக்கு வந்தவர்கள். கட்டபொம்மன் கும்பெனியாரின் அதிகாரியிடம் மெல்லிய குரலில் பேசியிருந்தால் அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தப் படத்துக்காகத்தான் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அதே மனிதர் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். பாடல் கிடையாது, நீண்ட வசனம் கிடையாது. படம் தொடங்கும்போதே சுட்டுக் கொல்லப்படும் ஒரு வானொலிப் பொறியாளர், நாட்டைக் காட்டிக் கொடுத்தவர். மற்றவர்களின் நினைவுகளில் அவர் வருகிறார். ஒவ்வொருவர் நினைவிலும் கொஞ்சம் வேறு ஆளாக இருக்கிறார். அதில் அவர் குரல் உயரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடக்கி நடிக்கத் தெரியாதவர் என்று சொல்கிறவர்கள், 'பராசக்தி'க்கு இரண்டே ஆண்டுகளுக்குள் வந்த இந்தப் படத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு 1985-இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை', 1992-இல் 'தேவர் மகன்'. எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு என்பதை அவர் அளந்துதான் கொடுத்தார் என்பது என் கட்சி.

அதற்காக எல்லாப் படங்களையும் நான் காக்க வரவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி எண்பதுகள் வரை, 'ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள்' என்ற பெயரில் இயக்குநர்கள் அவரைக் கட்டுப்படுத்தாமல் விட்ட படங்கள் கணிசமாக உண்டு. உதட்டுத் துடிப்பும் கைநடுக்கமும் கதை கேட்காத இடத்திலும் வந்திருக்கின்றன. அதை மிகை என்று சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு அறுபதுகளை எடைபோடுவது நியாயமில்லை.

புதிதாகப் பார்க்கிறவர் எந்தப் படத்தில் தொடங்கலாம்?

புராணப் படங்களிலும் சரித்திரப் படங்களிலும் தொடங்க வேண்டாம். அவற்றுக்குக் காது பழக வேண்டும். என் சகோதரியின் மகன், "மாமா, ஒரே ஒரு படம் சொல்லுங்க, பிடிக்கலைன்னா அப்புறம் என்னைக் கேக்கவே கூடாது" என்று நிபந்தனை போட்டபோது நான் 'நவராத்திரி'யைச் சொன்னேன். 1964-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது பாத்திரங்கள்: மனைவியை இழந்த செல்வந்தர், குடிகாரர், மருத்துவர், கொலைகாரர், விவசாயி, தொழுநோயாளி, கூத்துக் கலைஞர், காவல் அதிகாரி, காதலர். சாவித்திரி ஒவ்வொருவரையும் ஓர் இரவு சந்தித்துவிட்டுப் போவார். ஒருவரைப் பிடிக்காவிட்டாலும் இருபது நிமிடத்தில் அடுத்தவர் வந்துவிடுவார் என்பது புதியவருக்கு வசதி. பையனுக்குக் கூத்துக்காரர் பிடித்துவிட்டது. இப்போது அவனே என்னை அழைக்கிறான்.

அடுத்ததாக 'தெய்வ மகன்'. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய முதல் தமிழ்ப் படம், 1969-இல் வந்தது. தந்தை, இரண்டு மகன்கள் என மூன்று வேடங்கள். தந்தைக்கும் மூத்த மகனுக்கும் முகத்தில் ஒரே மாதிரித் தழும்பு என்பதால் ஒப்பனையை வைத்து மட்டும் அவர்களைப் பிரிக்க முடியாது. ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தோள் எப்படி இருக்கிறது, கை எங்கே போகிறது என்பதைக் கொண்டே பணத்தில் வாழ்ந்தவர் யார், புறக்கணிக்கப்பட்டு வளர்ந்தவர் யார் என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு 'கௌரவம்', 'பாசமலர்' என்று உங்கள் விருப்பம்போலப் போகலாம். 'கர்ணன்' மட்டும் தியேட்டரில் கிடைக்கும் வரை காத்திருந்து பாருங்கள்.

100 நாள், வெள்ளி விழா, ஷிப்டிங் என்று ஏதோ கணக்குப் பேசுகிறீர்களே, அது என்ன?

ஒரு படம் ஒரே தியேட்டரில் தினமும் மூன்று காட்சியாக 100 நாள் ஓடினால் அது நூறு நாள் படம். 25 வாரம், அதாவது 175 நாள் ஓடினால் வெள்ளி விழா. அக்காலத்தில் ஒரு படத்துக்கு அச்சிடப்படும் பிரிண்ட் மிகக் குறைவு. பெரிய ஊர்களில் முதலில் வெளியாகி, அங்கே ஓட்டம் முடிந்த பிறகு அந்தப் படப்பெட்டி சிற்றூர்களுக்கும், கடைசியாக டூரிங் டாக்கீஸ்களுக்கும் போகும். சென்னையில் எழுபதுகளில் சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி என்று மூன்று பெயரையும் சேர்த்துச் சொன்னாலே அது சிவாஜி படம் என்று தெரிந்துவிடும். ஒரு தியேட்டரில் சில வாரம் ஓடிய படத்தை அதே ஊரில் வேறொரு தியேட்டருக்கு மாற்றி, இரண்டு இடத்து நாளையும் கூட்டிக் காட்டுவது ஷிப்டிங். அதை ஏற்கலாமா கூடாதா என்பதில் தொடங்கும் வாக்குவாதம் டீ ஆறியும் முடியாது. பகல் காட்சி மட்டும் ஓடிய நாட்களைச் சேர்க்கலாமா என்பது அதன் துணைக் கேள்வி.

வெளியாட்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தெரியலாம். ஆனால் தமிழ் சினிமாவின் வசூலுக்கு நம்பகமான பொதுப் பதிவு என்று எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில், எந்த ஊரில் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் என்ற விவரத்தை நாளிதழ் விளம்பரங்களிலிருந்து வெட்டி வைத்துக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்தான். எங்கள் தரப்புப் பெருமைக்காகச் செய்தோம் என்பது உண்மை. என்றாலும் ஆதாரம் ஆதாரம்தானே.

ஒரே நாளில் அவருடைய இரண்டு படங்கள் வெளியானது உண்மையா?

உண்மை. 1967 நவம்பர் 1 தீபாவளிக்கு 'ஊட்டி வரை உறவு', 'இரு மலர்கள்'. 1970 அக்டோபர் 29 தீபாவளிக்கு 'சொர்க்கம்', 'எங்கிருந்தோ வந்தாள்'. நான்குமே நூறு நாள் ஓடின. தனக்குத் தானே போட்டி என்று எங்கள் பேனர்களில் எழுதுவோம்.

1964 தீபாவளி இரட்டை வெளியீட்டுக்கு ஒரு கசப்பான கதை உண்டு. அன்று வந்தவை 'நவராத்திரி'யும் 'முரடன் முத்து'வும். எது நூறாவது படம் என்ற பேச்சில் 'நவராத்திரி'க்கு அந்த இடம் போனது. 'முரடன் முத்து'வை எடுத்தவர் 'கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' ஆகியவற்றைத் தந்த பி.ஆர். பந்துலு. அந்த மனக்கசப்போடு அவர் எம்.ஜி.ஆரிடம் போய் 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். இத்தனை ஆண்டு கழித்தும் எங்களில் சிலர் அந்தப் பிரிவைச் சொந்த வீட்டுப் பாகப்பிரிவினை போலப் பேசுவார்கள்.

எம்.ஜி.ஆர். ரசிகர்களோடு இன்னமும் சண்டை உண்டா?

கைகலப்பு எல்லாம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் மதுரையில் ஒருவர் சுவரொட்டியின் மேல் இன்னொருவர் சாணி அடிப்பதும், அதற்காகக் காவல் நிலையம் வரை போவதும் வழக்கமாக இருந்தன. இப்போது இரு தரப்பிலும் முழங்கால் வலி. பழைய படம் ஓடும் தியேட்டரில் இந்த வாரம் அவர்கள் வருவார்கள், அடுத்த வாரம் நாங்கள். டிக்கெட் கொடுப்பவருக்கு இரண்டு கூட்டமும் பழக்கம். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் சேர்ந்து நடித்த படம் 1954-இல் வந்த 'கூண்டுக்கிளி' ஒன்றுதான் என்பதால், அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் யாருக்கும் மேல்கை கிடையாது.

பந்துலு கதைக்கு ஒரு பின்குறிப்பும் சேர்த்துக்கொள்ளலாம். 'கர்ணன்' படத்தைச் சீரமைத்து 2012-இல் மறுவெளியீடு செய்த அதே திவ்யா பிலிம்ஸ்தான் 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தையும் கொண்டுவந்தது. இரண்டுமே பந்துலு படங்கள். முன்னது நூறு நாள் கடந்தது, பின்னது வெள்ளி விழா கண்டது. நாங்கள் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கும் டிக்கெட் வாங்கினோம் என்பதை எம்.ஜி.ஆர். ரசிகர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

மறுவெளியீட்டில் அப்படி என்ன இருக்கிறது? தொலைக்காட்சியில்தான் அடிக்கடி போடுகிறார்களே?

'கர்ணன்' மறுபடி வெளியான 2012 மார்ச் 16-க்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. தியேட்டருக்கு வந்த பழைய பிரிண்ட்டுகளில் மழை பெய்வதுபோல் கோடு விழும். பாதிப் பாட்டில் படம் தாவும். படம் ஓட்டுகிறவர் ஒட்டுப்போட்ட இடத்திலெல்லாம் வசனம் பறிபோயிருக்கும். எந்த வரி எங்கே விடுபடும் என்று தெரிந்துவைத்து, விடுபட்ட வரியைக் கூட்டமே சத்தமாகச் சொல்லி நிரப்பும். 'கர்ணன்' படத்தின் நெகட்டிவும் ஒலியும் சிதைந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு டிஜிட்டலில் வந்தபோது, 1964 பொங்கலுக்கு வெளியாகி அன்று எதிர்பார்த்த வெற்றியைப் பெறாத ஒரு படத்தை, அதன் பிறகு பிறந்தவர்கள் மல்டிபிளெக்ஸில் வரிசையில் நின்று பார்த்தார்கள். 'பாசமலர்' 2013-இலும், 'கட்டபொம்மன்' 2015-இலும் அதே வழியில் வந்தன.

தொலைக்காட்சியில் முகம் தெரியும், கண் தெரியாது. விளம்பரத்துக்காக வெட்டியும் விடுகிறார்கள். குந்தி வந்து, தான்தான் தாய் என்று கர்ணனிடம் சொல்லும் காட்சியைப் பெரிய திரையில், ஆயிரம் பேர் மூச்சு விடாமல் இருக்கும் அரங்கில் பார்ப்பது வேறு வகை அனுபவம். இந்த வேலையைச் செய்யத் தயாரிப்பாளர் வேண்டும், உரிமைச் சிக்கல் தீர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நெகட்டிவ் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் மறுவெளியீடு வந்தால், எத்தனை முறை பார்த்த படமாக இருந்தாலும், காசு கொடுத்துப் போய் உட்காருவதைக் கடமையாகவே வைத்திருக்கிறோம். வசூல் வந்தால்தான் அடுத்த நெகட்டிவைத் தேடி யாராவது புறப்படுவார்கள்.

ரசிகர்கள் வரும் காட்சியில் என்ன நடக்கும்? குடும்பத்தோடு வரலாமா?

தாராளமாக வரலாம். மாலைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலில் பேனருக்கு மாலை போட்டு, பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி உடைத்து, ஆயிரம் வாலா ஒன்றைக் கொளுத்துவார்கள். உள்ளே அவர் முதலில் தோன்றும் இடத்தில் திரைக்கு அருகே போய் ஆரத்தி காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. திரை கெட்டுவிடும் என்பது ஒரு காரணம், அவர் முகத்தை மறைக்கிறார்கள் என்பது பெரிய காரணம். பாட்டுக்கு விசில் பறக்கும், வசனத்துக்கு நிசப்தம் இருக்கும். நடுவில் யாராவது பேசினால் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிப் பார்ப்பார், அது போதும்.

பெண்கள் வருவதில்லை என்று நினைக்க வேண்டாம். அவருடைய குடும்பப் படங்களைப் பகல் காட்சிகளில் நிறைத்து ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். 'பாசமலர்' படத்துக்குத் தன் அம்மாவோடு போன கதையைச் சொல்லாத அத்தை எங்கள் உறவில் ஒருவர்கூட இல்லை. கட் அவுட் கட்டுகிறவர்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன, இவர்களைப் பிடிக்கவில்லை.

நீங்கள் படத்தைவிட வசனத்துக்குத்தான் ரசிகரோ?

எங்கள் தலைமுறையில் பலர் பார்ப்பதற்கு முன்பே கேட்டவர்கள். கல்யாண வீட்டிலும் அம்மன் கோயில் கொடையிலும் மைக்செட்காரர் பாட்டுக்கு நடுவே கதை வசன இசைத்தட்டைப் போட்டுவிடுவார். கட்டபொம்மனும் 'திருவிளையாட'லும் ஊருக்கே மனப்பாடம். வானொலியில் படத்தின் ஒலியை மட்டும் சுருக்கிப் போடும் ஒலிச்சித்திரம் வேறு. தமிழைத் திருத்தமாக உச்சரிக்க வேண்டும் என்ற ஆசையைப் பள்ளிக்கூடத்தில் பெற்றவர்களைவிட அந்தக் குழாய் ஒலிபெருக்கியில் பெற்றவர்கள் எங்கள் தெருவில் அதிகம். பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ஜாக்சன் துரையைக் கேள்வி கேட்காத பையன்கள் குறைவு.

அவருக்கு ஏன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவில்லை?

காரணத்தை விருதுக் குழுவினரிடம்தான் கேட்க வேண்டும். பத்மஸ்ரீ 1966-இலும், பத்மபூஷண் 1984-இலும், செவாலியே 1995-இலும் வந்தன. 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. சிறந்த நடிகர் என்ற தேசிய விருது மட்டும் வரவே இல்லை. 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது என்று ஒன்றை அறிவித்தார்கள். எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக அந்த விருது கிடைத்தது என்பதை எதிர்த் தரப்பு நண்பர்கள் நினைவூட்டத் தவறுவதில்லை. முன்பெல்லாம் இதற்கு நாங்கள் கொதிப்போம். இப்போது, விருது வாங்கிய எத்தனை நடிப்பைத் தியேட்டரில் இன்று மறுபடி ஓட்ட முடிகிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம்.

இத்தனை ரசிகர்கள் இருந்தும் அரசியலில் ஏன் தோற்றார்?

தொடக்கத்தில் தி.மு.க. மேடைகளில் இருந்தார். 1956-இல் திருப்பதிக்குப் போய் வந்ததற்காக அந்தத் தரப்பில் கடுமையாக எதிர்க்கப்பட்டு விலகினார். பிறகு காமராஜரின் பற்றாளராகக் காங்கிரசில் இருந்தார். 1982-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற கட்சியைத் தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாறு தொகுதியில் தோற்றார்.

எம்.ஜி.ஆரின் பாத்திரங்கள் ஏழைக்குப் பாதுகாப்பு தருவதாக வாக்களித்தன. படத்துக்குப் படம் அதே மனிதர். சிவாஜியோ ஒரு படத்தில் குடிகாரர், அடுத்ததில் சிவபெருமான், அதற்கடுத்து மனைவியைச் சந்தேகிக்கும் கணவர். இவற்றில் எந்த ஆளுக்கு ஓட்டுப் போடுவது? நடிகராக அவருடைய பலம் எதுவோ அதுவே அரசியலில் பலவீனமாகிவிட்டது. கைதட்டியவர்களே சாவடியில் வேறு சின்னத்தில் குத்தினார்கள் என்பதை அந்தத் தேர்தலில் சுவர் எழுதிய எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்வார்கள். அதன் பிறகு ரசிகர் மன்றத்தில் கட்சிப் பேச்சு குறைந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அவர் நினைவாகப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டா?

சென்னை அடையாறில் 2017 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. 2006-இல் கடற்கரைச் சாலையில் வைக்கப்பட்ட சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்குக்குப் பிறகு அங்கேதான் மாற்றப்பட்டது. கடலைப் பார்த்து நின்றபோது அழகாக இருந்தது என்று இன்றும் புலம்புகிறவர்கள் உண்டு.

எனக்கு முக்கியமானது கயத்தாறு. கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்ட ஊர். அங்கே நிலம் வாங்கி 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவர் சிவாஜி. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகும்போது எங்கள் கூட்டம் அங்கே நிறுத்தாமல் போவதில்லை. தான் நடித்த ஒரு பாத்திரத்துக்குத் தன் கைக்காசில் நினைவிடம் எழுப்பிய நடிகர் வேறு யார் என்று யோசித்துப் பாருங்கள்.

தியேட்டர்களைக் கேட்டால் பதில் சுருக்கமானது. 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டர் இப்போது இல்லை. 200-வது படமான 'திரிசூல'த்துக்கு நாங்கள் அலைமோதிய சிந்தாமணியும் இல்லை. சென்னை சாந்தி 2016-இல் மூடப்பட்டது.

வீட்டில் அப்பா சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்களும் விளம்பரக் கட்டிங்குகளும் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒரு மன்றத் தோழர் காலமானபோது, அவர் பழைய கணக்குப் பேரேட்டில் மைதாப் பசையால் ஒட்டி வைத்திருந்த கட்டிங்குகளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு படம். மேலே சிவப்பு மையில் வெளியான தேதி, ஓரத்தில் அந்தந்த வாரம் ஓடிய தியேட்டர்கள், நூறாவது நாள் விளம்பரத்தைச் சுற்றிப் பச்சையில் ஒரு கட்டம். மைதா வாசத்துக்குக் கரப்பான் வந்து பல தேதிகளைத் தின்றிருந்தது.

ஆகவே ஒட்டியதைப் பிய்க்க முயலாமல் முதலில் பக்கம் பக்கமாக நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், சூட்டில் பழைய தாள் பழுத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. தனித் தாளாக இருந்தால் எந்த நாளிதழ், எந்த ஊர்ப் பதிப்பு, எந்தத் தேதி என்று வேறொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்த விவரம் இல்லாத கட்டிங் அழகாக இருக்கும், ஆதாரமாகாது. பாட்டுப் புத்தகங்களில் பின்னட்டையையும் விட்டுவிடாதீர்கள், அச்சகத்தின் பெயரும் விலையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இதுபோன்ற அச்சுப் பொருட்களைப் பாதுகாக்கிறது. அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். யாரிடமும் கொடுக்கும் முன் ஊரில் உள்ள மன்றத்துக்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒருமுறை காட்டுங்கள். எங்கள் கணக்கில் இன்னும் தேதி கிடைக்காத வெளியீடுகள் பல இருக்கின்றன.